மார்கழிக்கு எடுத்த எண்ணெய்

இந்த எண்ணெய் விசயத்தை எனக்கு முதன்முதல் சொன்னது எங்கட பிள்ளையார் கோயில் குருக்கள் ஐயா, தம்பி. போன வருசம் கார்த்திகை விளக்கீட்டன்று, திருநீறு தந்த கையோடு சொன்னவர். என் மகன் சொல்லவில்லை. அதனால்தான் "மகனை அனுப்பி வாங்கியிருக்கலாமே அம்மா" என்று நீங்கள் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கோபமில்லை. எனக்குக் கோபம் வருவது குறைவு. ஆனால் கேட்டுவிட்டீர்கள், பதில் சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை. உங்களுக்கு அவசரமோ? கையில் கார்க் கண்ணாடி கழுவுகிற தண்ணி மட்டும்தானே இருக்கு. அதைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கோ. இந்தக் கடையின் எஞ்சின் எண்ணெய்த் தட்டுகளுக்கு நடுவில் எங்களை ஒருவரும் கலைக்கமாட்டார்கள்.

நான் கார் ஓடுகிறவள். அதை முதலில் சொல்லவேணும். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவள், இந்தக் கனடாவுக்கு வந்து, ஐம்பது கடந்த பிறகு லைசென்ஸ் எடுத்தேன். இவர்தான் பழக்கினவர். "உனக்கு வராது, உனக்கு வராது" என்று சொல்லிச் சொல்லியே பழக்கினார். வந்தது.

இவர் என்றால் என் கணவர். போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் லொறி ஓடினவர். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் நெல்லும் வெங்காயமும் ஏற்றினவர். எஞ்சின் விசயத்தில் அவருக்கு மேல் ஆளில்லை என்று எங்கள் குடும்பத்தில் ஒரு முடிவு. நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். அவருக்கு ஒரே சட்டம், எண்ணெய் தடிப்பாக இருக்கவேணும். தடித்த எண்ணெய்தான் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், தண்ணி மாதிரி எண்ணெய் ஊற்றுகிறவன் எஞ்சினுக்குச் சத்துரு என்பார். இங்கே வந்தும் அதையே தேடித் தேடி வாங்கினார். கலனில் 20W-50 என்று போட்டிருக்கும். எங்கேயோ ஒரு கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அங்கே கிடந்த கலன் முழுவதையும் ஏற்றிக்கொண்டு வந்தார். சாகும்வரைக்கும் காணும் என்றார். செத்த பிறகும் மிச்சம் இருந்தது.

குறை சொல்லவில்லை, தம்பி. அவர் இருந்த காலத்தில் கார் நிற்கவும் இல்லை. அப்போது நாங்கள் மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கார் நிலத்துக்குக் கீழே, சூடு போட்ட இடத்தில் நின்றது. அவர் போன பிறகு நான் யோகராணி வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே கார் வெளியில், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மகனோடு போய் இருக்கலாம்தானே என்று கேட்கப்போகிறீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். சுகிர்தன் கூப்பிட்டவன்தான். மருமகள் துஷ்யந்தியும் கூப்பிட்டவள், மனதோடு கூப்பிட்டவள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நான் விடியப்புறம் எழும்பி மணியடித்துப் பூசை செய்கிறவள். அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள். பிள்ளைகள் எழும்பிவிடும் என்று என் மணிக்குள் பஞ்சை அடைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. அவன் வீடும் தூரமில்லை, நாலு தெரு தள்ளி.

அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றுவது சுகிர்தன்தான். ஒவ்வொரு முறையும் வருவான். தகப்பனின் பழைய சேர்ட் ஒன்று, முழங்கைக்குக் கிழிந்தது, அதைப் போட்டுக்கொண்டு காருக்குக் கீழே போவான். தகப்பனின் சாவிகள், தகப்பனின் தகரச் சட்டி, தகப்பனின் எண்ணெய். முகம் என்னைப் போல, ஆனால் நடை அப்படியே அவர்தான், இடது தோளை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நடப்பான். எண்ணெய் ஊற்றும்போது ஒரு கதையும் கதைக்கமாட்டான். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். எண்ணெய் ஊற்றுகிறதுக்கு இவ்வளவு என்ன முகத்தைத் தூக்கிக்கொண்டு என்று நினைப்பேன்.

இனி மார்கழிக்கு வாறேன்.

மார்கழிப் பூசை உங்களுக்குத் தெரியும்தானே. சூரியன் எழும்ப முதல் கோயிலில் நிற்கவேணும். நான் சட்டை போட்ட நாளில் இருந்து விட்டதில்லை. சண்டைக்குள் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த வருசம்கூட, வாசலில் களிமண்ணில் ஒரு பிள்ளையாரைப் பிடித்து வைத்துவிட்டு, இருட்டில் நின்று கும்பிட்டோம். செல்லடிக்கு விடாததை ஸ்னோவுக்கு விடுவேனோ?

ஆனால் விடவேண்டி வந்தது. பேஸ்மென்ட்டுக்கு வந்த முதல் மார்கழி. குளித்து, சீலை உடுத்து, அதுக்கு மேலே பெரிய கோட்டு, சப்பாத்து எல்லாம் போட்டு, பூவும் கையுமாகப் போய்க் காரில் ஏறிச் சாவியைத் திருகினால், அது கதிரையில் இருந்து எழும்பக் கஷ்டப்படுகிற கிழவன் மாதிரி முனகுது. ஊங்... ஊங்... பிறகு அதுவுமில்லை. சுகிர்தன் வயரோடு ஓடிவந்தான். தன் வான் வண்டியில் இருந்து கொழுவி ஸ்டார்ட் ஆக்கினான். அன்றைக்கு நான் போய்ச் சேரப் பூசை முடிந்து பிரசாதமும் முடிந்துவிட்டது. மற்ற நாளும் அப்படி. பற்றரி பழசு என்று புதுசு போட்டான். அதற்குப் பிறகும் அப்படித்தான். கடைசியில் ஒரு நாள் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான், கார் கிழண்டிப்போச்சு, அடுத்த குளிருக்கும் இப்படி நின்றால் தையோடு விற்றுப்போடுவோம், நீங்கள் இந்தக் குளிருக்குள் ஓடினதும் காணும் என்று. லண்டனில் இருக்கிற என் மகள் நளாயினியும் அண்ணன் பக்கம். கோயிலில் லைவ் போடுகிறார்களாம், கட்டிலில் இருந்தே பார்க்கலாமாம். தீபத்தைப் போனில் ஒற்றிக் கண்ணில் வைத்தால் என்ன வரும், சொல்லுங்கோ? கண்ணாடிதான் தேயும்.

கார் போனால் மார்கழி போச்சு. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. ஆரையும் கெஞ்சி ஏறிப் போகிறவள் நான் இல்லை. அதுதான் என் நிலைமை. அப்படியிருக்கத்தான் போன வருசக் கார்த்திகை வந்தது.

விளக்கீட்டன்று கார் ஒரு மாதிரி முக்கித் தக்கி வந்து சேர்ந்துவிட்டது. திருநீறு வாங்கும்போது ஐயாவிடம் சொன்னேன், ஐயா, மார்கழிக்குக் கார் ஓடவேணும் என்று ஒரு அர்ச்சனை செய்யுங்கோ. அவர் சிரிக்கவில்லை. என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், இவர் வைத்துவிட்டுப் போனது, நல்ல தடிப்பு, இருபது ஐம்பது. ஐயா விளக்குப் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மா, இந்தக் குளிருக்கு நான் வெளி விளக்குக்கு ஏன் தேங்காயெண்ணெய் விடுறேல்லை?"

"உறைஞ்சுபோம் ஐயா."

"உங்கட காருக்குள்ளயும் அதுதான் நடக்குது."

பிறகு அவர்தான் இலக்கத்தை விளங்கப்படுத்தினவர். W என்றால் வின்ரர். அதுக்கு முன்னால் நிற்கிற இலக்கம் குறையக் குறைய, எண்ணெய் குளிரில் இறுகாமல் ஓடும். பின்னால் நிற்கிற இலக்கம் எஞ்சின் சூடேறின பிறகுக்கு, அது உங்கட காருக்கு என்ன சொல்லியிருக்கோ அதுதான், எங்கட விருப்பத்துக்கு மாற்றக்கூடாது. தான் சைபர்தான் ஊற்றுகிறாராம். தன் வான் ஸ்டார்ட் வராவிட்டால் பிள்ளையாரை ஆர் எழுப்புகிறது என்று கேட்டார். எனக்கு அது சரியாகப் பட்டது. ஆனால் மனம் கேட்கவில்லை, தம்பி. இவ்வளவு காலமும் பெரிய இலக்கம்தான் கெட்டித்தனம் என்று இருந்தவள். பிள்ளை இருபது எடுத்துக்கொண்டு வந்தால் சந்தோசப்படுவோம், சைபர் எடுத்துக்கொண்டு வந்தால்? இருபதை விட்டுச் சைபருக்குப் போ என்றால் எந்தத் தாய்க்கு மனம் வரும்?

வீட்டுக்கு வந்து காரின் மூடியைத் திறந்தேன். எண்ணெய் ஊற்றுகிற வாயில் ஒரு கறுப்பு மூடி இருக்குத்தானே, அதில் ஊத்தை பிடித்துக் கிடந்தது. சீலைத் தலைப்பால் துடைத்தேன். அதிலேயே இருக்குது, 0W-20. அந்த மூடியை இவர் எத்தனை தரம் கழற்றியிருப்பார். என் மகன் எத்தனை தரம். இரண்டு பேரும் வாசிக்கவில்லை. எஞ்சின் தெரிந்தவர்கள் மூடியை வாசிக்கமாட்டார்கள் போல.

அப்படியும் நான் உடனே மாற்றவில்லை. அவருடைய வார்த்தைக்கு எதிராக இந்த வயதுவரைக்கும் ஒரு சீலைகூட எடுத்ததில்லை. முதலில் பார்த்துவிட வேணும் என்று, இதே கடைக்கு வந்து ஒரு கலன் வாங்கினேன். மூன்று ஊறுகாய்ப் போத்தல் கழுவிக் காயவைத்தேன். ஒன்றில் இவருடைய எண்ணெய். ஒன்றில் சைபர் எண்ணெய். மற்றதில் தேங்காயெண்ணெய், அது ஐயாவின் சாட்சிக்கு. விளக்கீடு முடிந்து இரண்டு கிழமையில் குளிர் முந்திக்கொண்டு வந்துவிட்டது, மைனஸ் பதினெட்டு என்று ரேடியோவில் சொன்னார்கள். போத்தல் மூன்றையும் இரவு வெளிப்படியில் வரிசையாக வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிய என்னை எழுப்பினது போன். சுகிர்தன்.

"அம்மா, வாசல்ல என்ன வைச்சிருக்கிறீங்கள்?"

வீட்டுக்காரி யோகராணி வேலைக்குப் போக இறங்கினவள் கண்டிருக்கிறாள். இருட்டு, படி, மூன்று போத்தல், ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று கபிலம். அன்றைக்கு அமாவாசையும்கூட. நான் தனக்கு ஏதோ செய்வினை வைக்கிறேன் என்று பயந்து, படியைத் தாண்டாமல் பின்வாசலால் போய், பஸ்ஸில் இருந்துகொண்டு மகனுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நான் ஆருக்கும் ஒரு கெட்ட சொல் சொல்லாதவள், தம்பி. அவளுக்காகவும் சேர்த்துத்தான் ஒவ்வொரு வெள்ளியும் கும்பிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் மூன்று மாதம் எனக்கு வாடகை கூட்டிக் கேட்கவில்லை, அது வேறு கதை.

சுகிர்தன் வேலைக்குப் போகிற வழியில் வந்தான். நான் படியிலேயே நின்றேன். அவனுக்கு முன்னால் ஒவ்வொரு போத்தலாகக் கவிழ்த்துக் காட்டினேன். தேங்காயெண்ணெய் கல். அதை விடுவோம். சைபர் எண்ணெய் நல்லெண்ணெய் மாதிரி சிரித்துக்கொண்டு கீழே வந்தது. மற்றது, அவன் தகப்பன்ர எண்ணெய், போத்தலுக்குள் கவிழ்ந்து, வருவோமோ விடுவோமோ என்று யோசித்துக்கொண்டு நின்றது. குளிர்காலத்தில் பனம்பாணி நிற்குமே, அப்படி. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. குளிர் காற்றுக்குத்தான்.

"அப்பா எவ்வளவு காலம் எஞ்சினோட மாரடிச்சவர். அவர் பிழை எண்டு சொல்றீங்களோ?"

"நான் சொல்லேல்லை. போத்தல் சொல்லுது."

"அவர் இருந்திருந்தா விட்டிருப்பாரோ?"

"அவர் இருந்திருந்தா நான் கேட்டிருக்கவும் மாட்டன், தம்பி. அவர் பாத்தது வெயிலுக்குள்ள ஓடின லொறி. இப்ப அவர் இல்லை. இப்ப குளிருக்குள்ள சாவியைத் திருகிறது நான்."

பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், உங்களைக் கூப்பிடுகிற மாதிரி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. அவன் உள்ளே போய், மூலையில் அடுக்கிக் கிடந்த தகப்பனின் கலன்கள் எல்லாவற்றையும் தூக்கி வானில் ஏற்றினான். உங்களுக்கு வேண்டாமென்றால் நான் ஊற்றுகிறேன் என்ர வானுக்கு என்றான். போகும்போது கண்ணாடியை இறக்கி, உங்கட விருப்பத்துக்கு ஓடுங்கோ, வழியில் நின்றால் என்னைக் கூப்பிடவேண்டாம், நான் வரமாட்டன் என்றான். நான் சொன்னேன், வரவேண்டாம் ராசா, எனக்குப் பிள்ளையார் இருக்கிறார்.

அன்றைக்குப் பின்னேரம் சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். இவருடைய படமும் அங்கேதான், ஒரு பக்கமாக. "இஞ்சேருங்கோ, எண்ணெயை மாத்தப்போறன்" என்றேன். கேட்கவில்லை, தம்பி. கவனியுங்கோ. கேட்கவில்லை. சொன்னேன். நாற்பது வருசத்தில் முதல் தரம். படம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இருந்த காலத்திலும் கோபம் வந்தால் அப்படித்தான் பார்ப்பார், அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கராஜுக்கு எண்ணெயை நானே கொண்டுபோனேன். அங்கே பீப்பாயில் இருந்து குழாயால் விடுவார்கள், அதுக்குள் என்ன இலக்கம் ஓடுகிறது என்று நாங்கள் எப்படிக் காணுகிறது? கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற மாதிரி, கலனை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். ஆன்ரி, எங்களிட்ட எண்ணெய் இருக்கு என்றான் அந்தப் பெடியன். இதுதான் என்றேன். பழசை வடிய விட்டார்கள். கறுப்பாக, ஆறுதலாக, விருப்பமில்லாமல் இறங்கினது. அது மகன் ஊற்றினதுதான், ஆனால் கலன் அவர் வாங்கி அடுக்கினது. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. வெளியில் போய் நின்றுகொண்டு ஒரு தேவாரத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். சோதனைக்கு எடுத்த அந்த ஊறுகாய்ப் போத்தலை மட்டும் நான் ஊற்றவில்லை. இப்பவும் படத்துக்குப் பக்கத்தில் இருக்கு. அறைக்குள் சூடுதானே, சரித்துப் பார்த்தால் வடிவாக ஓடும். அறைக்குள் அவர் சொன்னது சரி.

மார்கழி பிறந்தது. முதல் நாள் மைனஸ் இருபதுக்குக் கிட்ட. நெற்றியில் திருநீறு, காதுக்குக் கம்பளித் தொப்பி. பிள்ளையாரப்பா என்று சாவியைத் திருகினேன். முனகவில்லை. ஒரே ஒரு இழுவை, கார் நின்ற இடத்தில் நின்று பாடத் தொடங்கிவிட்டது. நான் அழவில்லை. மணியடிக்கிற மாதிரி ஹார்னை ஒருக்கா அடித்தேன். மேலே யோகராணியின் லைட் எரிந்து அணைந்தது.

ஒரு விசயம் சொல்லவேணும், நீங்கள் நம்பினால் நம்புங்கோ. அந்த விடியப்புறங்களில் ரோட்டில் ஆளே இராது. ஆனால் எனக்குப் பின்னால், எட்ட, ஒரு வாகனம் வரும். நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக. நான் சிக்னலில் நின்றால் அதுவும் தள்ளி நிற்கும். அதன் முன் லைட்டில் ஒன்று பிரகாசம், மற்றது எரியாது. ஒற்றை லைட்தான் தெரியும். கோயில் வாசலுக்குள் நான் திருப்பினதும் அது நேரே போய்விடும். முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாள் விளங்கிவிட்டது. ஒற்றைக் கொம்பன், தம்பி. வேறே ஆர் வரப்போகிறார்கள் எனக்குத் துணைக்கு? வயிற்றில் பெற்றவனே வரமாட்டன் என்று சொல்லிவிட்டான்.

என்ன சிரிக்கிறீர்கள்? ஒற்றைக் கொம்பன் என்றதுக்கோ? சிரிக்காதேங்கோ, சாமி விசயம்.

முதல் நாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சுகிர்தனுக்குப் போன் எடுத்தேன். கார் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லத்தான். பெருமைக்கில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான். அவன் "ம்" என்றான். நித்திரைக் குரல். பின்னால் டிக் டிக் என்று ஏதோ சத்தம், மணிக்கூடாக்கும். தாய் இந்தக் குளிரில் கோயிலில் நிற்கிறாள், இவர் கட்டிலில் கிடக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

அந்த மாதம் முழுக்க அவன் அப்படித்தான். பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனால் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. பிள்ளைகள் அவன் மேல் ஏறி விளையாடினாலும் தெரியாது. கண் எல்லாம் சிவப்பு. எழும்பி வேளைக்குக் குளித்துத் திருநீறு பூசினால் இந்தச் சோம்பல் வருமோ என்று நல்லாகப் பேசினேன். துஷ்யந்தி குசினிக்குள் போய்விட்டாள். இன்னொன்றும் பேசினேன். எனக்குக் கார் ஓடப் புத்தி சொல்கிறவர், தன் வானின் முன் லைட் ஒரு பக்கம் செத்துக்கிடக்கிறதைப் பார்க்கவில்லை. பொலிஸ் பிடித்தால்? மாற்றுகிறேன் அம்மா, மாற்றுகிறேன் என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

கடைசிக் கிழமையில் ஒரு நாள் நல்ல ஸ்னோ. கோயிலுக்கு முன்னால் வருகிற வளைவில் கார் வழுக்கி, ஓரத்துக் குவியலில் மெதுவாகப் போய் மூக்கைக் குத்தினது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் சில்லு சுற்றுது, கார் அசையுதில்லை. பூசை மணி கேட்கிறது எனக்கு. கும்பிட்டுக்கொண்டு இருந்தேன். பின்னால் அந்த ஒற்றை லைட் வந்து நின்றது. ஒரு ஆள் இறங்கினார். தலைக்கு மேலே தொப்பி இழுத்து, முகத்தைச் சுற்றிச் சால்வை, கண் மட்டும்தான். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. முன்னால் வந்து, காரைப் பிடித்துத் தள்ளினார். நான் பின்னுக்கு எடுத்தேன். வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினேன். அவர் போ போ என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த நடையைப் பார்த்துத்தான், தம்பி, கூப்பின கையை நான் இறக்கவில்லை. இடது தோள் ஒரு பக்கம் சரிந்து. அதே நடை. இவரேதான். எண்ணெயை மாற்றினதுக்குக் கோபமில்லை என்று காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோயிலில் அன்றைக்கு எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

சுகிர்தனிடம் சொன்னேன். அப்பா வந்தவரடா என்றேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. ஆரோ நல்ல மனுசன் அம்மா என்றான். துஷ்யந்தி கறிச்சட்டியோடு நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகள் சிரித்தால் ஏன் என்று கேட்கக்கூடாது. நான் கேட்கவில்லை.

தை பிறந்தது. காரை ஆரும் விற்கவில்லை. அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் இந்த வருசம் குளிர் தொடங்கவே திரும்பத் தொடங்கிவிட்டான். அம்மா, உங்களுக்கு வயது போகுது, எனக்கும் ஏலாது அம்மா, இந்த முறை லைவில் பாருங்கோ. அவனுக்கு என்ன ஏலாது? கோயிலுக்குப் போவது நான். நான் சொல்லிவிட்டேன், ராசா, நீ கெஞ்சினாலும் போவேன், கோபித்தாலும் போவேன், மார்கழி முழுக்கப் போவேன். அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

பிறகு போன ஞாயிறு துஷ்யந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், மாமி, இவருடைய வான் போன குளிருக்கு விடியப்புறத்தில் ஸ்டார்ட் வரச் சரியாகக் கஷ்டப்பட்டது, இன்னும் மாமாவின் எண்ணெயைத்தான் ஊற்றுகிறார், நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொல்லுங்கோ என்று. அவனுக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. விடியப்புறம் அவனுக்கு எங்கே போகிற அலுவல்? நான் கேட்கவில்லை, தம்பி. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தோம்.

அவன் குளிக்கப் போன நேரம் வானின் மூடியைத் திறந்து துடைத்துப் பார்த்தேன். அதிலும் அதே இலக்கம்தான். அப்பான்ர எண்ணெய், அப்பான்ர எண்ணெய் என்று அடம்பிடிப்பான். பிடிக்கட்டும். அதையும் ஒரு போத்தலில் விட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுவேன். தகப்பனுக்கு நடு அறையில் இடம் இருக்கு. எஞ்சினுக்குள் இடமில்லை. நானே கராஜுக்குக் கொண்டுபோய் நிற்பாட்டுவேன், வரமாட்டன் என்று சொன்னால் காதைப் பிடித்து. லைட்டுக்கும் புது பல்ப் ஒன்று அந்தப் பக்கத்துத் தட்டில் எடுத்துவிட்டேன், இதோ, கூடைக்குள் இருக்கு. மார்கழி வருகிறது. அந்த வான் வழியில் நிற்கக்கூடாது.

சரி, உங்களை நல்லாக மறித்துவிட்டேன். மகனை அனுப்பாமல் நான் ஏன் வந்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

உங்களுக்கு உயரம் இருக்கு, எனக்கு எட்டாது. அந்த மேல்தட்டில், சைபர் போட்ட கலன், ஓம், அதுதான். அதில் இரண்டு எடுத்துத் தாருங்கோ.